எப்போது தெரியும், டாக்டர்?

உட்காருங்கள், டீ வரட்டும். நாலு வயதுப் பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன பிறகு, அவர் பேசிய எதுவும் காதில் விழவில்லை என்கிறீர்கள். பெற்றவர்கள் யாருக்கும் அப்படித்தான் ஆகும். அவர் சொல்லியிருக்கக்கூடியதையே மெதுவாகச் சொல்கிறேன். புரியாத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள்.

சீட்டில் ஏ.எல்.எல். என்று எழுதியிருக்கிறது. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம். எலும்பு மஜ்ஜையில்தான் ரத்த அணுக்கள் உற்பத்தியாகின்றன. அங்கே முதிராத வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகிவிட்டதால் சிவப்பணுவுக்கும் பிளேட்லெட்டுக்கும் இடமில்லாமல் போனது. பிள்ளை வெளுத்ததும், முழங்காலில் நீலமாகக் கன்றியதும், ‘கால் வலிக்குது, தூக்கு’ என்று அழுததும் அதனால்தான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏன் வந்தது என்று கண்டுபிடிக்கவே முடிவதில்லை. ‘நீ என்ன கொடுத்தே, நான் எதைக் கவனிக்காம விட்டேன்’ என்று நீங்களும் வீட்டம்மாவும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் இருவர் மேலும் தவறில்லை.

‘பிழைச்சிடுமா?’ என்றீர்கள். ‘இப்ப சொல்ல முடியாது’ என்றார். அவர் மழுப்பவில்லை. அந்தக் கேள்விக்கான பதில் ஒரே நாளில் வராது, துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய எப்போது கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே நாளை ரவுண்ட்ஸ் வரும்போது, ‘எப்போது தெரியும், டாக்டர்?’ என்று கேளுங்கள்.

முதல் இரண்டு துண்டுகள் இப்போதே உங்கள் ஃபைலில் இருக்கின்றன. ஒன்று வயது. ஒன்றிலிருந்து பத்து வயதுக்குள் இருப்பது நல்லது. இன்னொன்று, முதல் நாள் எடுத்த வெள்ளை அணு எண்ணிக்கை. அது 50,000-க்குக் கீழே இருந்தால் அதுவும் சாதகம். நோய் பி வகையா, டி வகையா என்ற விவரம் சில நாளில் வரும். குரோமோசோம் சோதனை முடிவுக்கு இன்னும் கொஞ்சம் நாளாகும். எல்லாவற்றிலும் கனமான துண்டு, முதல் மாத சிகிச்சை முடியும்போது வருவது. இடுப்பெலும்பிலிருந்து மறுபடி மஜ்ஜை எடுத்து, பத்தாயிரம் அணுவில் ஒன்று நோயணுவாக இருந்தாலும் கண்டுபிடிக்கும் சோதனை செய்வார்கள். அதற்கு எம்.ஆர்.டி. என்று பெயர். நோய் மருந்துக்கு எப்படிப் பணிகிறது என்பதை இது காட்டிவிடும். எவ்வளவு கடுமையான மருந்து தேவை என்பதைப் பெரும்பாலும் இதை வைத்தே முடிவு செய்வார்கள்.

அதற்கு இடையில் தினமும் வரும் ரத்தச் சோதனைச் சீட்டைப் பார்த்துப் பதறாதீர்கள். கவுன்ட் சட்டென்று விழும். கீமோ கொடுத்தால் விழத்தான் செய்யும். ஸ்டீராய்டு மாத்திரையால் பிள்ளையின் முகம் உப்பும், காரணமில்லாமல் கோபம் வரும், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து இட்லி கேட்கும். வீட்டில் சுடச்சுடச் செய்ததைக் கொடுங்கள். உண்மையில் பயப்பட வேண்டியது காய்ச்சலுக்கு. 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்களாக மாத்திரை கொடுத்து அடக்கவும் பார்க்காதீர்கள். எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

பணக்கார நாடுகளில் இந்த நோய் வந்த பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைத்து வளர்கிறார்கள். 1948-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் ஒரு மருந்தால் சில பிள்ளைகளுக்கு நோயைத் தற்காலிகமாக அடக்கிக் காட்டியபோது, அதுவே பெரிய செய்தி. அந்த வகை மருந்தை உருவாக்கிக் கொடுத்தது நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவின் குழு. அதே குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட்தான் உங்கள் பிள்ளைக்கு முதுகில் ஊசியாகப் போகிறது. ஆனால் இந்தப் ‘பத்துக்கு ஒன்பது’ ஒரு கூட்டத்தின் கணக்கு. அதை வைத்து உங்கள் பிள்ளை ஒன்பதில் ஒன்றா, மீதி ஒன்றா என்று ராத்திரியெல்லாம் யோசித்தாலும் விடை கிடைக்காது. அந்த நேரத்தில் கொஞ்சம் தூங்குங்கள். காலையில் பிள்ளைக்கு நீங்கள் தேவை.

நம் நாட்டில் அந்தக் கணக்கு குறைவாக இருப்பதற்கு இரண்டு பெரிய காரணங்கள் உண்டு. தொற்று ஒன்று. இன்னொன்றைச் சொல்லவே மனசு வலிக்கிறது. முதல் மாத முடிவில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நோய் அடங்கிவிடும், பிள்ளை ஓடியாடத் தொடங்கும். ஊரில் எல்லோரும் ‘சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு இந்த விஷ மருந்து’ என்பார்கள். அதைக் கேட்டுச் சிலர் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நோய் கண்டுபிடித்த அன்று உடம்பில் ஏறக்குறைய லட்சம் கோடி நோயணுக்கள் இருக்கும். மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் தெரியாத நிலையிலும் ஆயிரம் கோடி வரை மிச்சமிருக்கலாம். அவற்றை ஒழிக்கத்தான் இரண்டு, இரண்டரை வருஷ சிகிச்சை. கடைசி ஒரு வருஷத்துக்கு மேல் பெரும்பாலும் வீட்டில் மாத்திரை, இடையிடையே ஓபி, அவ்வளவுதான். பாதியில் நிறுத்திய பிள்ளைக்கு நோய் திரும்பினால், மருந்துக்கு முன்போல் எளிதில் அடங்காது.

நிறுத்தத் தோன்றும் நாள் உங்களுக்கும் வரும். பஸ் செலவுக்குப் பணம் இருக்காது, வேலை போயிருக்கும், பிள்ளை ஊசியைப் பார்த்துக் கத்தும். அன்று யாரிடமும் சொல்லாமல் ஊருக்குப் போய்விடாதீர்கள். டாக்டரிடமோ, வார்டில் இருக்கும் சமூகப் பணியாளரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் இந்த சிகிச்சைக்கு இடமுண்டு. அட்டை இல்லாவிட்டால் நாளைக்கே எழுதிக்கொடுங்கள்.