பல் வைத்தியமும் கட்டணச் சீட்டும்

பல்வலி தீர்ந்து வீடு திரும்பும் நம் குடும்பத்தினர் பலர், கட்டணத்தைப் பற்றிய மனக்குறையை உடன் கொண்டு வருகின்றனர். காசிமேட்டில் படகுக்குச் செல்பவரும், எண்ணூர் ஆலைகளில் ஒப்பந்தக் கூலியாக உழைப்பவரும், "சொன்னது ஒன்று, வாங்கியது ஒன்று" என நம்மிடம் முறையிடுவதுண்டு. கோபத்தில் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடுவோரும் உளர். பணத்தோடு பல்லும் போகும் வழி அது.

கணக்கு எங்கே மாறுகிறது என்பதை முதலில் அறிதல் நலம். சொத்தை ஆழச் சென்று நரம்பைத் தொட்டால் வேர் சிகிச்சை தேவைப்படுகிறது. முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரே வேர்க்குழாய். கடைவாய்ப் பல்லுக்கு மூன்றோ நான்கோ. குழாய்களைச் சுத்தம் செய்து அடைத்தபின், பலமிழந்த பல் உடையாதிருக்க மேலே 'கேப்' எனும் உறை போடுகின்றனர். மருத்துவர் பெரும்பாலும் அளவெடுத்து வெளியே பல் கட்டும் கூடத்திற்கு அனுப்பியே அதனைச் செய்விக்கிறார். உலோகத்திற்கு ஒரு விலை, பீங்கானுக்கு ஒரு விலை. "ரூட் கெனாலுக்கு இவ்வளவு" என்று அவர் கூறும்போது உறையும் சேர்ந்ததே என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நம்மிடம் வந்த சச்சரவுகள் பெரும்பாலும் இங்கேதான் பிறந்தன.

தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்க்கும் தாய் ஒருவருக்கு நேர்ந்ததும் இதுவே. சண்டைக்குப் போகாமல், இனவாரியாகச் சீட்டு எழுதித் தருமாறு கேளுங்கள் என்றோம். எழுதியபோது எக்ஸ்ரே கட்டணம் இருமுறை சேர்ந்திருந்தது வெளிப்பட்டது. மருத்துவரே அதனைக் கழித்தார். உறைக்கான தொகையோ நியாயமானது. அதை மூன்று தவணைகளில் அத்தாய் செலுத்தினார். ஏழை கேட்பது எல்லாம் நியாயம் என்றோ, மருத்துவர் கேட்பது எல்லாம் கொள்ளை என்றோ நாம் கருதலாகாது.

பேச்சு பலிக்காவிடில் சட்டம் உண்டு. கட்டணம் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டதே என உச்ச நீதிமன்றம் 1995-இல், சாந்தா என்பார் தொடர்புடைய வழக்கில் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இருவரும் ஒப்புக்கொண்ட விலைக்கு மேல் வாங்குவது புகாருக்கு உரியது. இரசீது தராதிருப்பது முறையற்ற வணிகம். இரண்டு ஆண்டுகளுக்குள், நாம் வாழும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் மனுக்கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. ஆனால் 'ஒப்புக்கொண்ட விலை' எது என்று காட்ட ஒரு துண்டுக் காகிதமாவது வேண்டுமே! ஆகவே நாற்காலியில் அமருமுன், உறை சேர்ந்ததா, எத்தனை முறை வரவேண்டும், மொத்தம் எவ்வளவு என்பதை எழுதி வாங்குங்கள்.

எல்லோருக்கும் இலவசமாக நடக்கும் அரசு மருத்துவமனைக்கு இச்சட்டம் பொருந்தாது. ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை அப்படியன்று; தொழிலாளி சந்தா செலுத்துவதால் அதற்கும் பொருந்தும் என்று 2007-இல் அதே நீதிமன்றம் கூறியது. திருவொற்றியூர்த் தொழிலாளர் பலர் இதனை அறியார்.

மருத்துவர் கூறும் சிகிச்சை தேவையா என்ற ஐயமிருப்பின், கோட்டை இரயில் நிலையத்தருகே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் காட்டிக் கேட்கலாம். எக்ஸ்ரே படத்தை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.