விரலுக்கு முந்தும் கணம்

மீன்கொத்தி கிளையை விட்டுப் பாய்வதைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, விரல் ஷட்டர் பொத்தானை அழுத்துவதற்குள் 0.2 நொடிக்கு மேல் கழிந்துவிடுகிறது. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்லும் பறவை அதற்குள் 2 மீட்டர் தாண்டியிருக்கும். படத்தில் மிஞ்சுவது வெறும் கிளைதான். பயிற்சியால் இந்தத் தாமதத்தைச் சற்றுக் குறைக்கலாம், அறவே போக்க முடியாது. கானுயிர்களின் கணநேரச் செயல்களைப் படம்பிடிக்கக் கண்டறிந்த உத்திகளில் பெரும்பாலானவை, இந்த மந்த விரலைச் சமாளிக்கப் பிறந்தவையே.

விரலையே விலக்கிவிடுவது பழைய வழி. அமெரிக்கரான ஜார்ஜ் ஷைராஸ், விலங்குகள் வரும் தடத்தின் குறுக்கே கம்பி கட்டி, அதை இடறும் விலங்கே கேமராவை இயக்கும்படி செய்தார். அவர் எடுத்த 74 படங்களை 1906 ஜூலையில் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் வெளியிட்டது. இந்தியாவில் வனத்துறை அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியன் இதே உத்தியால் இரவில் நடமாடும் புலிகளைப் படமெடுத்து, 1927இல் நூலாக்கினார். இன்று கம்பிக்குப் பதில் அகச்சிவப்பு உணரி. உடல் வெப்பத்துடன் ஏதேனும் குறுக்கே நகர்ந்தால் அது கேமராவை எழுப்புகிறது. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் புலிக் கணக்கெடுப்புக்குக் கேமராக்களைப் பாதையின் இருபுறமும் சோடியாகக் கட்டுவார்கள். ஒரே புலிக்கு இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு வேறு என்பதே காரணம்.

சரியான நேரத்தில் ஷட்டர் திறந்தால் மட்டும் போதாது. திறந்திருக்கும் நேரத்தில் விலங்கு நகர்ந்தால் படம் கலங்கிவிடும். மேலே சொன்ன பறவை 1/1000 நொடியில் 1 சென்டிமீட்டர் நகர்கிறது. அடிக்கும் சிறகின் நுனி அதைவிட அதிகம். ஷட்டரை 1/4000 நொடிக்குக் கொண்டுபோனால் உடல் தெளியும். ஆனால் நொடிக்கு 50 முறைக்கு மேல் சிறகடிக்கக்கூடிய ஹம்மிங் பறவையின் சிறகு நுனிக்கு அதுவும் போதாது.

இங்கேதான் ஃபிளாஷ் உதவிக்கு வந்தது. இருளில் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும், ஒளி பாயும் கணம் மட்டுமே படத்தில் பதியும். அதாவது ஃபிளாஷே ஷட்டராகிவிடுகிறது. எம்.ஐ.டி. பேராசிரியர் ஹரோல்ட் எட்ஜர்டன் 1930களில், நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரமே மின்னும் விளக்குகளால் ஹம்மிங் பறவையின் சிறகை அசையாமல் நிறுத்திக் காட்டினார். கடையில் வாங்கும் சாதாரண ஃபிளாஷிலும் இதே வித்தை ஓரளவு உண்டு. அது வெளிச்சத்தைக் குறைப்பது விளக்கை மங்கலாக்கி அல்ல; சீக்கிரம் அணைத்து. முழுத் திறனில் ஏறத்தாழ 1/1000 நொடி எரிவது, திறனை முப்பத்திரண்டில் ஒன்றாகக் குறைத்தால் 1/20,000 நொடி அளவுக்குச் சுருங்கிவிடும். அப்போது ஒளி போதாது என்பதால் மூன்று, நான்கு ஃபிளாஷ்களை நெருக்கமாக நிறுத்தவேண்டியிருக்கும். பட்டப்பகலில் இந்த வித்தை பலிக்காது. வெயிலும் சேர்ந்து பதிந்து, தெளிந்த சிறகின் மேல் ஆவி போல இன்னொரு சிறகு படியும்.

பறக்கும் பூச்சிகளை 1970களில் படமெடுத்த பிரிட்டன்காரர் ஸ்டீபன் டால்டன், விலங்கே கேமராவை இயக்குவது, ஃபிளாஷ் ஆகிய இரண்டு வழிகளையும் இணைத்தார். பூச்சி ஒளிக்கற்றை ஒன்றைக் கடந்ததும் கேமரா இயங்கும். கேமராவின் சொந்த ஷட்டர் திறப்பதற்குள் பூச்சி போய்விடும் என்பதால், சட்டென்று திறக்கும் தனி ஷட்டரையே செய்யவைத்தார்.

விரலின் தாமதத்துக்கு அண்மையில் கிடைத்த தீர்வு விசித்திரமானது: அழுத்துவதற்கு முன்பே படம் எடுத்துவிடுவது. பொத்தானைப் பாதி அழுத்தியிருக்கும்போது கேமரா ஓயாமல் படமெடுத்துத் தற்காலிக நினைவகத்தில் வைத்து, பழையதை அழித்துக்கொண்டே இருக்கும். முழுதாக அழுத்தியதும், கடைசி அரை நொடியிலோ ஒரு நொடியிலோ எடுத்தவை அட்டையில் சேமிக்கப்படும். பறவை பறந்த பிறகு அழுத்தினாலும் பறக்கத் தொடங்கிய கணம் கையில் இருக்கும். இதற்கு இயந்திரத் திரையற்ற மின்னணு ஷட்டர் தேவை. அந்த ஷட்டரில் பெரும்பாலான சென்சார்கள் காட்சியை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கின்றன. படித்து முடிப்பதற்குள் சிறகு நகர்ந்து, படத்தில் ரப்பர் போல வளைந்து தெரியும். எல்லா வரிகளையும் ஒரே சமயத்தில் பதியும் சென்சாருடன் சோனி 2023இல் அறிவித்த ஏ9 III, நொடிக்கு 120 படங்கள் எடுக்கிறது. அவற்றில் தேறும் ஒன்றைப் பொறுக்கும் வேலை தனி.

இத்தனைக்குப் பிறகும், கேமராவை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை விலங்கைப் படித்தவர்தான் சொல்லமுடியும். பறவைகள் பொதுவாகக் காற்றை எதிர்த்தே எழும்பும். காற்று நம் முதுகில் படும்படி நின்றால் அவை கேமராவை நோக்கி எழும். எழுமுன் உடலைத் தாழ்த்தும். பல சமயம் எச்சமும் இடும். மீன்கொத்தி தலையை மேலும் கீழும் ஆட்டுவது மீனின் தூரத்தைக் கணிக்க. அடுத்தது பாய்ச்சலாக இருக்கலாம். கருப்பு வெள்ளை மீன்கொத்தி பாயுமுன் நீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று ஃபோகஸ் செய்ய அவகாசம் தரும், புகைப்படக்காரர்களுக்குப் பிடித்த பறவை. சென்னைக்காரரான மா. கிருஷ்ணன் (1912-1996) இந்த அறிவை நம்பியே கருப்பு வெள்ளையில் யானைகளைப் படமெடுத்தார். தானியங்கி ஃபோகஸ் இல்லாத காலத்தின் அந்தப் படங்களில் விலங்கின் இயல்பு துலங்குவதற்கு, அவர் முதலில் இயற்கையியலாளர் என்பதே காரணம் எனலாம்.

காத்திருக்க மனமில்லாதவர்கள் கணத்தைத் தயாரிக்கிறார்கள். தொட்டியில் மீனை விட்டு மீன்கொத்தியை வரவழைப்பது இத்தகைய வழிகளில் சாதாரணம். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் கானுயிர்ப் புகைப்படப் போட்டியில், வேலியைத் தாண்டும் ஓநாயின் படம் 2009இல் முதல் பரிசு பெற்றது. அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கக்கூடும் என்ற முடிவுக்கு வந்த நடுவர்கள் அடுத்த ஆண்டு பரிசைத் திரும்பப் பெற்றனர். 2018இல் அதே போட்டியில் எறும்புதின்னியின் படமொன்றும் நீக்கப்பட்டது. அதிலிருந்தது பாடம் செய்த விலங்கு என்பது நிபுணர்களின் முடிவு.