‘வீல்சேர் வசதி உண்டு’: இந்த ஒரு வரி போதுமா?

சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடலருகே செல்ல, 2022 நவம்பரில் 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. கடலைப் பார்த்தாச்சு; ராத்திரி தங்க ரூம்? ஹோட்டல் இணையதளத்தில் ‘வீல்சேர் வசதி உண்டு’ என்றிருக்கும். போய்ப் பார்த்தால் வாசலில் ரெண்டு படி. பாத்ரூம் கதவில் வீல்சேர் நுழையாது.

யார் இந்த வாடிக்கையாளர்கள்?

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். ஒருவருக்கு ரூம் சரிப்படாவிட்டால், கூட வரும் மொத்தக் குடும்பமும் வேறு இடம் தேடும்.

ஹோட்டல், ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் என்ன சொல்ல வேண்டும்?

அளவுகளைச் சொல்லுங்கள். கதவின் அகலம் எத்தனை சென்டிமீட்டர்? வாசலில் எத்தனை படி? சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்கிறதா? கட்டில், பாத்ரூம் கைப்பிடி எல்லாவற்றையும் மொபைலில் போட்டோ எடுத்துப் போடுங்கள். போட்டோவுடன் விளக்கமும் எழுதினால், ஸ்கிரீன் ரீடர் அதைப் பார்வையற்றவருக்குப் படித்துக் காட்டும். காது கேளாதவர் விசாரிக்க வாட்ஸ்அப் எண் கொடுங்கள். கூகுள் மேப்ஸில் உங்கள் ஹோட்டலுக்கு வீல்சேர் வாசல், பார்க்கிங் உண்டா என்பதை இலவசமாகவே குறிப்பிடலாம்.

வசதி இல்லையென்றால்?

அதையும் எழுதுங்கள். ‘லிஃப்ட் கிடையாது; தரைத்தளத்தில் ஒரு ரூம் உண்டு’ என்று தெரிந்தால், வரலாமா வேண்டாமா என்பதை வாடிக்கையாளரே முடிவு செய்துகொள்வார். ‘ஆள் வெச்சுத் தூக்கிக்கலாம் சார்’ என்ற பதில் மட்டும் வேண்டாம். தூக்கி இறக்க அவர் லக்கேஜ் இல்லை.