முறுக்கு எங்கே போச்சு?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஆம்ப் வாங்க வசதியில்லை. எலக்ட்ரிக் கிதாரை நேராக ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகிப் பதிவு செய்கிறேன். சத்தம் மந்தமாக, உயிரில்லாமல் இருக்கிறது. கடையில் இன்னும் விலை கூடிய பெட்டியும் தங்க முலாம் பூசிய கேபிளும் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?”

வேண்டாம். பெட்டியின் முகப்பில் ‘இன்ஸ்ட்’ என்றோ ‘ஹை-இசட்’ என்றோ ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். முதலில் அதை அமுக்கிப் பாருங்கள். (சில பெட்டிகளில் அது மென்பொருளுக்குள் ஒளிந்திருக்கும்.)

பிக்கப் என்பது காந்தத்தின் மேல் தலைமுடி கனத்தில் செம்புக் கம்பியை ஏழெட்டாயிரம் சுற்று சுற்றிய சுருள். கம்பியின் மின்தடை மட்டும் சுமார் 6,000 ஓம். தன் மின்தூண்டல் 2.5 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். கிதாரின் அடித்தந்தி அதிரும் 82 ஹெர்ட்சில் இந்தச் சுருள் கூடுதலாகக் காட்டும் எதிர்ப்பு 1,300 ஓம்தான். 5,000 ஹெர்ட்சிலோ அது 78,000 ஓம்! எதிரே இருக்கும் சாதாரண லைன் உள்ளீடு 10,000 ஓம் என்றால், அடிச்சுரத்தில் ஐந்தில் மூன்று பங்கு உள்ளே போய்ச் சேரும்; உச்ச ஒலியில் எட்டில் ஒரு பங்குதான்.

பிக்கப் ஓர் ஏழை வீடு. 10 லட்சம் ஓம் கொண்ட ஹை-இசட் உள்ளீடு, “சாப்பிட்டுத்தாங்க வந்தேன்” என்று திண்ணையோடு நலம் விசாரித்துவிட்டுப் போகும் விருந்தாளி. லைன் உள்ளீடு தலைதீபாவளி மாப்பிள்ளை. கீபோர்டு மாதிரி வசதியான வீட்டுக்கு அவர் போனால் கவலையில்லை. இந்த வீட்டில் வந்து உட்கார்ந்தால், சோற்றை எப்படியோ சமாளித்துவிடலாம். ஆனால் முறுக்கை ஒவ்வொன்றாகப் பிழிந்து சுட்டெடுக்க வேண்டுமே, அது தட்டுக்கு வருவதற்குள் பந்தி முடிந்துவிடும். மாப்பிள்ளை தன் தம்பியையும் கூட்டிவந்தால், அதாவது ஒரே கிதாரை ஒய் கேபிள் போட்டு இரண்டு பெட்டிக்குப் பிரித்தால், சோறும் பற்றாது.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். திண்ணை விருந்தாளி வந்தால் உச்ச ஒலி குறையாமல் இருப்பது மட்டுமல்ல, ஓரிடத்தில் எழும்பவும் செய்கிறது. கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் மின்தேக்குத் திறன் உண்டு. சுருளும் மின்தேக்கியும் சேர்ந்தால் ஒத்ததிர்வு வந்துதானே ஆக வேண்டும்? 5 மீட்டர் கேபிளோடு அது 4,000 ஹெர்ட்ஸ் வாக்கில் விழும். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதி அது. கிதாரின் ‘மினுக்கு’ அங்கேதான் பிறக்கிறது. கேபிளை 10 மீட்டராக்கினால் மேடு 3,000க்கு இறங்கும், குரல் தடிக்கும். ஆக, கேபிளும் வாத்தியத்தில் ஒரு பாகம். நீளம்தான் கணக்கில் வருகிறது. தங்க முலாம் எங்கும் வரவில்லை.

வரலாறு வேண்டுமென்றால்: நேரடிப் பதிவு நேற்று வந்ததல்ல. டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனம் 1960களிலேயே ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸை இப்படித்தான் பதிவு செய்தது. 1968-இல் பீட்டில்ஸ் ‘ரெவல்யூஷன்’ பாட்டுக்காகக் கிதாரை நேராக ஒலிக்கலவை மேசையில் செருகி, மேசை திணறும்வரை ஏற்றினார்கள்.

அந்தக் கிதார் அப்படிக் காதைக் கிழிப்பதற்குக் காரணம் உண்டு. ஆம்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்சுக்கு மேல் சட்டென்று ஊமையாகிவிடும். டிஸ்டார்ஷன் கிளப்பும் குப்பையெல்லாம் அங்கே வடிகட்டப்படுகிறது. நேரடிப் பதிவில் அந்த வடிகட்டி இல்லை. அதனால் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் ‘கேபினெட் சிமுலேஷன்’ என்ற மென்பொருளைப் போடுங்கள், இலவசமாகவே கிடைக்கிறது. ஸ்பீக்கரே இத்தனை வெட்டும்போது 192 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யும் பெட்டி எதற்கு என்று விளம்பரக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸ் வைத்திருப்பவர்கள், “பொத்தானை அமுக்கினால் சத்தம் கூடுகிறது, குணம் மாறவில்லையே” என்பார்கள். மாறாதுதான். உள்ளேயே ப்ரீஆம்ப் இருப்பதால் அது வசதியான வீடு. ஆனால் வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலானவற்றில் கேபிள் செருகும் துளைதான் ஸ்விட்ச். செருகியபடி விட்டால் பேட்டரி தீர்ந்துவிடும்.