"ஆதாரம் எங்கே?" என்று கேட்ட பெண்

மாணவர்களே, ஆய்வுக்கூடத்தில் நான் அடிக்கடி காணும் காட்சி இது. குழுவில் ஒருவர் பியூரெட்டின் அளவைத் தவறாக வாசிக்கிறார். பக்கத்தில் நிற்கும் மாணவிக்கு அது தெரிகிறது. ஆனாலும் வாய் திறப்பதில்லை. பாடம் முடிந்ததும் தனியாக வந்து, "டீச்சர், அந்த அளவு தப்பு" என்கிறாள். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "ஒருவேளை நான்தான் தப்போ என்று நினைத்தேன்" என்கிறாள்.

பள்ளியில் இதனால் சில புள்ளிகள் குறையும். வேலையிடத்தில் என்ன ஆகும்? டாக்டர் பிரான்சஸ் கெல்சியின் கதையைக் கேளுங்கள்.

கெல்சி 1914-இல் கனடாவில் பிறந்தவர். 1936-இல் சிக்காகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் அவருக்கு வேலை தருவதாக எழுதிய கடிதம் 'திரு' என்று தொடங்கியது. பெயரைப் பார்த்து ஆண் என்று எண்ணிவிட்டார்! பெண் விஞ்ஞானிகள் அரிதாக இருந்த காலம் அது.

1960-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகத்தில் கெல்சி சேர்ந்தார். சேர்ந்த சில வாரங்களிலேயே தாலிடோமைட் என்ற தூக்க மருந்துக்கான விண்ணப்பம் அவர் மேசைக்கு வந்தது. ஜெர்மனியில் அது 1957 முதல் விற்பனையில் இருந்தது. கர்ப்பிணிகளும் குமட்டலுக்காக அதை உட்கொண்டனர். 60 நாள்களுக்குள் மறுப்புச் சொல்லாவிட்டால் மருந்து தானாகவே விற்பனைக்கு வந்துவிடும் என்பது அன்றைய சட்டம்.

கெல்சியும் உடன் ஆய்வு செய்த மருந்தியல் நிபுணரும் வேதியியலாளரும் விண்ணப்பத்தைப் படித்தார்கள். அதில் மருந்தைப் பாராட்டும் கருத்துகள் நிறைய இருந்தன. முறையான சோதனைத் தரவுகள் குறைவு. மனிதரைத் தூங்க வைத்த அந்த மருந்து, சோதனை விலங்குகளைத் தூங்க வைக்கவில்லை. அப்படியானால் விலங்குச் சோதனையை மட்டும் நம்பி, மனிதருக்குப் பாதுகாப்பானது என்று எப்படிச் சொல்வது?

கெல்சி "இந்த மருந்து கெட்டது" என்று வாதாடவில்லை. "ஆதாரம் போதாது, கூடுதல் தரவு தாருங்கள்" என்று எழுதினார். ஒவ்வொரு முறையும் நாள் கணக்கு புதிதாகத் தொடங்கியது. நிறுவனத்தார் தொலைபேசியில் அழைத்தனர், நேரில் வந்தனர், மேலதிகாரிகளிடமும் புகார் செய்தனர். மேலதிகாரிகள் கெல்சியின் பக்கம் நின்றார்கள்.

1961 தொடக்கத்தில், இந்த மருந்தால் நரம்பு பாதிக்கப்படலாம் என்ற மருத்துவர் கடிதம் ஒன்றை பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கெல்சி படித்தார். சில மருந்துகள் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடையும் என்பதை அவர் முன்பே ஆய்வில் அறிந்திருந்தார். எனவே, "கருவிலுள்ள குழந்தைக்குப் பாதுகாப்பானதா?" என்றும் கேட்டார். நிறுவனத்திடம் அதற்கான ஆதாரம் இல்லை.

1961 நவம்பரில் உண்மை வெளிவந்தது. உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை, கால் குறைபாடுகளுடன் பிறந்ததாக மதிப்பிடப்படுகிறது. அமெரிக்காவில் அப்போது மருந்து விற்பனைக்கு வரவில்லை. முன்னோட்டமாக வழங்கப்பட்ட மாத்திரைகளால் பாதிக்கப்பட்டோர் சிலரே. 1962-இல் அதிபர் கென்னடி கெல்சிக்கு விருது வழங்கினார். அதே ஆண்டில் மருந்துச் சட்டமும் கடுமையாக்கப்பட்டது.

மாணவிகளே, கெல்சியின் வழியை நீங்களும் இன்றே பழகலாம். தவறு என்று தோன்றினால், கண்டதை முதலில் குறிப்பேட்டில் எழுதுங்கள். பிறகு கேள்வியாகக் கேளுங்கள்: "எனக்கு 24.30 என்று தெரிகிறது. மறுபடியும் பார்க்கலாமா?" இதில் யாரையும் குறை சொல்லவில்லை. குரல் நடுங்கினால் கவலை வேண்டாம். பதற்றத்தில் அட்ரினலின் சுரப்பதால் இதயம் வேகமாகத் துடிக்கும், தசைகள் இறுகும். நீங்கள் சொல்வது தவறு என்பதற்கு அது அடையாளம் அல்ல. மெதுவாக மூச்சை வெளியே விட்டுப் பேசத் தொடங்குங்கள். ஒருவர் கேட்காவிட்டால் எழுதிக் கொடுங்கள், துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களே, உங்களுக்கும் வேலை உண்டு. தோழி பேசும்போது இடையில் குறுக்கிடாதீர்கள். அவர் சொன்னது சரியென்றால், அதை முதலில் சொன்னவர் அவர்தான் என்று எல்லாரிடமும் சொல்லுங்கள். கெல்சிக்கும் பக்கத்தில் நிற்க ஆள்கள் இருந்தார்கள் அல்லவா?

அடுத்த வாரம் ஆய்வுக்கூடத்தில் பியூரெட்டைச் சுற்றி நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். பாடம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.