அளந்து விற்கும் புடவைக்கடை

மாணவர்களே, வணிகத்தின் சமூகப் பொறுப்பு பற்றி வினா வந்தால் உங்களிற் பலர் "சூழலைப் பாதுகாத்தல், நன்கொடை வழங்குதல்" என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறீர்கள். புள்ளி கிடைக்கலாம், விளக்கம் கிடைக்காது. ஆகவே ஒரு சிறிய புடவைக்கடையை எடுத்து நோக்குவோம்.

இக்கடை கைத்தறித் துணியையும், ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சிய துணியையும் விற்கிறது. (மஹரகமவை அடுத்த பமுனுவவில் இத்தகைய மிச்சத் துணி விற்கும் கடைகள் பல உண்டு.) நெசவாளருக்கு நியாயமான கூலி கிடைக்கும் விலைக்கே கொள்வனவு செய்கிறது. இதுவரை இலகு. வாடிக்கையாளரைத் தேவைக்கு மேல் வாங்கத் தூண்டாதிருப்பதுதான் கடினம். ஏன்?

மீற்றர் ஒன்றின் கொள்விலை ரூபா 800, விற்பனை விலை ரூபா 1,100 எனக் கொள்க. ஒரு சட்டைக்கு 2.25 மீற்றர் போதும். "எதற்கும் மூன்றாக வெட்டுவோம்" என்று கடைக்காரர் சொன்னால் மொத்த இலாபம் ரூபா 900. அளந்து கொடுத்தால் ரூபா 675. ரூபா 225 ஐ அவர் விட்டுக்கொடுக்கிறார். முக்கால் மீற்றர் துணி வீட்டு அலுமாரியில் கிடந்து பழுதாகவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதைக் காட்டி வாடகை கட்ட முடியாது.

வாடகை, சம்பளம் முதலிய மாத நிலையான செலவு ரூபா 60,000 எனின், இலாபநட்டமற்ற புள்ளியை அடைய 60,000 ÷ 300 = 200 மீற்றர் விற்க வேண்டும். இப்போது கடையின் ஓரத்தில் ஒரு தையல் இயந்திரத்தை வையுங்கள். பழைய உடுப்பைச் சிறுப்பித்தல், பெருப்பித்தல், கிழிசல் தைத்தல் மூலம் செலவு போக மாதம் ரூபா 15,000 வந்தால், 45,000 ÷ 300 = 150 மீற்றர் போதும். மிச்சம் 50 மீற்றரை யார் தலையிலும் கட்டத் தேவையில்லை. விடையில் பலர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்: கடை திருந்தியதற்குக் காரணம் அதன் வருமான வழி மாறியதே.

சுருளின் கடைசியில் மிஞ்சும் துண்டுகளைப் பை தைப்போருக்குக் குறைந்த விலைக்குக் கொடுக்கலாம். "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" இக்கடைக்குப் பொருந்தாது.

அமெரிக்க ஆடை நிறுவனமான பற்றகோனியா, தனது ஜக்கற்றையே வாங்க வேண்டாம் என்று 2011 நவம்பரில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் விளம்பரம் செய்தது. அடுத்த ஆண்டு அதன் விற்பனை கூடியது! இதுவும் ஒரு விளம்பர உத்தியே என்று விமர்சிப்போர் உண்டு. அந்நிறுவனம் பழைய உடுப்பைத் திருத்திக் கொடுக்கும் சேவையையும் நடத்துகிறது. இரு பக்கத்தையும் எழுதினால் விடை முழுமை பெறும். என்னைக் கேட்டால், விளம்பரத்தை விடத் திருத்தும் மேசைக்கே கூடிய மதிப்புக் கொடுப்பேன்.

பயிற்சி: மேற்படி கடையின் வாடகை ரூபா 6,000 ஆல் கூடினால், தையல் வருமானம் மாறாதிருக்க, இலாபநட்டமற்ற புள்ளிக்கு எத்தனை மீற்றர் விற்க வேண்டும்? (விடை: 170 மீற்றர்)