வராததை எண்ணலாமா?

டிரைவர் என்றதும் எங்களுக்கு வவுனியா பஸ் நிலையம்தான் நினைவுக்கு வரும். கணினிக்குள்ளும் ஒரு டிரைவர் உண்டு. வன்பொருளுக்கும் இயக்க முறைமைக்கும் நடுவே நின்று பேசும் மென்பொருள் அது. எத்தனை செய்தி வந்தது, எத்தனை பழுதானது என்று கணக்கும் எழுதி வைக்கும். அந்தக் கணக்கில் பல வருடங்களாக இருந்த ஒரு தவறைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

பஸ்ஸிலிருந்தே தொடங்கலாம். இன்றைய வாகனங்களில் எஞ்சின், பிரேக், மீற்றர் பலகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கணினி இருக்கிறது. அவை இரண்டு வயர்கள் வழியே ஒன்றோடொன்று பேசுகின்றன. ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய இம்முறையின் பெயர் ‘கேன்’. ஒரு செய்தியைச் சட்டகம் என்பார்கள். அதில் 8 பைட் வரை தரவு போகும். செய்தி கெட்டுப்போனால், அதைக் கண்ட கணினி குறைந்தது ஆறு பிட் நீளமான எச்சரிக்கையை வயரில் அனுப்பி, அச்செய்தியைக் குலைத்துவிடும். எச்சரிக்கையில் தரவு எதுவும் இராது.

லினக்ஸ் கணினியொன்றை அந்த வயரில் பொருத்தினால், அதன் டிரைவர் ‘இங்கே பிழை நடந்தது’ என்று எங்களுக்கு அறிவிக்க ஒரு பிழைச் சட்டகத்தைத் தானே தயாரிக்கிறது. அது சாதாரணச் சட்டகத்தின் வடிவிலேயே, 8 பைட்டுடன் இருக்கும். பல டிரைவர்கள் இதையும் ‘வந்தவை’ என்று எண்ணி, அந்த 8 பைட்டையும் கூட்டின.

‘உங்கள் கடிதம் நனைந்து கிழிந்துவிட்டது’ என்று தபாலதிபர் ஒரு துண்டு எழுதித் தருகிறார் என்று வையுங்கள். அந்தத் துண்டை வந்த கடிதமாகப் பதியலாமா?

சின்ன விடயம் என்றுதான் நானும் நினைத்தேன். வாகன வயரிங் வேலை செய்யும் நானாவிடம் சொன்னபோது, “தளர்ந்த வயரைத் தேடுறதே எங்களுக்கு அரைநாள் வேலை” என்றார். அப்போதுதான் விளங்கியது. வயர் தளர்ந்தால் பிழைகள் அடுக்கடுக்காக வரும். கூடவே ‘வந்தவை’யும் ஏறும். செய்தி ஒழுங்காக வருகிறதே என்று பழுதை வேறெங்கோ தேடுவார்கள். ஒரு நல்ல செய்திகூட வந்திராமலும் இருக்கலாம். அது பிரேக்கின் வயராக இருந்தால்?

2022 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.17 பதிப்பில் இது திருத்தப்பட்டது. பல டிரைவர்களில் இரண்டு வரிகளை அழித்ததுதான் திருத்தமே! பிழைச் சட்டகம் இப்போதும் எங்களிடம் வருகிறது, பிழைக்கெனத் தனிக் கணக்கும் இருக்கிறது. ‘வந்தவை’யில் மட்டும் அது ஏறாது.

அதே பதிப்பில் இன்னொன்றும் சரியானது. ‘எனக்கு 8 பைட் அனுப்பு’ என்று கேட்கும் ஒருவகைச் சட்டகம் உண்டு. அதில் தரவே இல்லை, 8 என்ற எண் மட்டும் இருக்கும். கேட்டதையெல்லாம் கிடைத்ததாகக் கூட்டிய அந்தக் கணக்கும் அன்றோடு நின்றது.